பாக்கெட் பிஸ்டலுக்கு எந்தக் காலிபர்?

கேள்வி: வணக்கம் தம்பி. ஹூஸ்டன் பக்கம் கேஸ் ஸ்டேஷனும் அதோடு சேர்ந்த கடையும் 19 வருஷமாக நடத்துகிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். வயது 58. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாயிற்று. ராத்திரி 11 மணிக்குக் கடை அடைத்துவிட்டுப் பணப்பையோடு கார் வரைக்கும் நடக்கிற அந்த நாற்பது அடிதான் எனக்குப் பயம். போன மாதம் பக்கத்துக் கடைக்காரரை அப்படித்தான் மடக்கினார்கள். பேண்ட் பாக்கெட்டில் வைக்கிற மாதிரி சின்ன பிஸ்டல் ஒன்று வாங்கப் போகிறேன். துப்பாக்கிக் கடையில் .380 எடுக்கச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர், ".380 எலி அடிக்கத்தான் ஆகும், 9 எம்எம்முக்குக் குறைந்து வாங்காதே" என்கிறார். எங்களோடு தங்கிப் படிக்கிற தங்கை மகன் .22 போதும் என்கிறான். எங்கள் மாமா ஊரில் லைசன்ஸோடு வைத்திருந்தது .32. என் மனைவியும் சில நாள் கடை அடைப்பாள், அவளுக்கு விரல் மூட்டுகளில் வாதம். பேரன் சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவான். எதை வாங்கட்டும்?

பதில்:

அண்ணாச்சி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். (காலிபர் என்றால் குண்டின் குறுக்களவை வைத்துச் சொல்லும் தோட்டா வகை.) துப்பாக்கி உண்மையிலேயே பேண்ட் முன்பாக்கெட்டில்தான் இருக்கப் போகிறது என்றால் உங்களுக்கு .380 ஏசிபி. மதினிக்கும் அதே தோட்டா, ஆனால் வேறு துப்பாக்கி. பாக்கெட்டை விட்டுவிட்டு இடுப்பில் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) போட ஒத்துக்கொண்டால் 9 எம்எம் எடுங்கள்.

உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. .380-ம் 9 எம்எம்மும் ஒரே குறுக்களவுள்ள குண்டைத்தான் வீசுகின்றன. வித்தியாசம் தோட்டாக் கூட்டின் நீளத்தில் இருக்கிறது. ஒன்று 17 மில்லிமீட்டர், மற்றது 19. அந்த இரண்டு மில்லிமீட்டரும், கூட்டுக்குள் தாங்குகிற அழுத்தமும் சேர்ந்து பெரிய வேறுபாட்டைக் கொண்டுவந்துவிடுகின்றன. மூன்று அங்குலத்துக்கும் குறைந்த குழலிலிருந்து கிளம்பும் .380 குண்டின் ஆற்றல், சின்ன 9 எம்எம்மில் கிடைப்பதில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். காகிதத்தில் மட்டும் பார்த்தால் 9 எம்எம் ஜெயிக்கிறது.

ஆனால் காகிதம் சுடப் போவதில்லை, நீங்கள் சுடப் போகிறீர்கள். ரூகர் எல்சிபி மேக்ஸ் என்ற .380 பிஸ்டல் தோட்டா இல்லாமல் சுமார் 300 கிராம். இன்று அதிகம் விற்கும் சின்ன 9 எம்எம்களில் ஒன்றான சிக் பி365 சுமார் 500 கிராம். பி365 நல்ல துப்பாக்கி. நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன், இடுப்புக்கு. பேண்ட் பாக்கெட்டில் போட்டால் நடக்கும்போது தொடையில் இடிக்கும், துணி புடைக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று எதிரில் வருகிறவனுக்குத் தெரியும். அதனால்தான் சிலர் 350 கிராம் அளவில் வரும் 9 எம்எம்களைத் தேடிப் போகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

சில வருடங்களுக்கு முன் என் துப்பாக்கிப் பயிற்சி வகுப்புக்கு ஒருவர் வந்தார், உங்கள் வயதுதான் இருக்கும். கையில் அப்படி ஒரு இறகு எடை 9 எம்எம், புத்தம் புதுசு. ஏழு கஜத்தில் ஒரு காகிதத் தட்டை ஒட்டிவைத்தேன். முதல் குண்டு நடுவில் விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் கீழே, இடது பக்கம். ஆறாவது தட்டிலேயே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை சிவந்துவிட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை, கையை மட்டும் தொடையில் தேய்த்துக்கொண்டார். தோட்டா அடுக்குகிற மேகசினை அடுத்த தடவை நானே நிரப்பிக் கொடுத்தேன். மூன்றாவதாக, அவருக்குத் தெரியாமல், மருந்தில்லாத டம்மி ஒன்றைச் சேர்த்தேன். இரண்டு தோட்டா வெடித்தது. மூன்றாவதில் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும். ஆனால் குழல்முனை இரண்டு அங்குலம் தரையைப் பார்த்துக் குனிந்தது. வெடிக்கவே இல்லை, சுடும்போது துப்பாக்கி கையில் கொடுக்கும் உதையும் வரவே இல்லை. வரப்போகிற உதைக்கு அவர் கை முன்கூட்டியே பயந்துவிட்டது. அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் குனிவு வந்துவிட்டால் எந்தக் காலிபரும் உதவாது. 9 எம்எம்மின் கூடுதல் வலு, தட்டில் பட்டால்தான் கணக்கில் வரும். அதே மாலையில் அவருக்கு ஒரு .380 கொடுத்தேன். அதுவும் மெத்தென்று இல்லை. 300 கிராம் துப்பாக்கி எதுவும் மெத்தென்று சுடாது. ஆனால் ஐம்பது தோட்டா சுட்டும் கை தாங்கியது. ஐம்பது சுட முடிந்தவர் அடுத்த மாதமும் வருவார். பத்திலேயே கை நொந்தவர் துப்பாக்கியை மேசை டிராயரில் போட்டுவிட்டு மறந்துவிடுவார், திடீரென்று ஒருநாள் அதை நம்பி வெளியே போவார். நான் பயப்படுவது அதற்குத்தான்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். .380 தோட்டா 9 எம்எம்மைவிட விலை கூடுதல். மாதம் ஒரு பெட்டி பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பெட்டியில் "9 எம்எம் ஷார்ட்", "9 எம்எம் குர்ட்ஸ்" என்று போட்டிருந்தாலும் அது .380 தான், குழம்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, .380 ஆளை நிறுத்துமா என்பது அடுத்த கேள்வி. இங்கே எல்லாரும் பேசுகிற "12 அங்குலம்" எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே விளங்கும். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையருக்கும் எஃப்பிஐ ஏஜெண்டுகளுக்கும் நடந்த சண்டையில் ஏஜெண்டுகள் இரண்டு பேர் இறந்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையன் மேல் பட்ட 9 எம்எம் குண்டு, அவன் கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்தைத் தொடுவதற்கு முன் நின்றுவிட்டது. அதன்பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எஃப்பிஐ, உடம்புச் சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்த்து, குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-ஐத் தாண்ட வேண்டாம் என்று அளவு வைத்தது. 10 எம்எம்முக்குப் போனார்கள், 1990-ல் .40 வந்தது, கடைசியில் குண்டு செய்யும் நுட்பம் வளர்ந்தபிறகு 9 எம்எம்முக்கே திரும்பினார்கள். அன்றைக்கு நின்றுபோன குண்டும் 9 எம்எம்தான், இன்றைக்கு அவர்கள் நம்புகிற குண்டும் 9 எம்எம்தான் என்பதைக் கவனியுங்கள். காலிபர் ஒன்றே. மாறியது குண்டு.

.380-இல் இந்தக் குண்டு விஷயம் இன்னும் முக்கியம், ஏனென்றால் கையிருப்பு வலு குறைவு. முனையில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட் குண்டு உடம்புக்குள் பூ மாதிரி விரிய வேண்டும். சின்னக் குழலிலிருந்து வரும் .380-க்கு இரண்டு விதமான தோல்வி உண்டு. ஒன்று, நன்றாக விரிந்து ஒன்பது பத்து அங்குலத்திலேயே நின்றுவிடும். இன்னொன்று, சட்டைத் துணி குழிக்குள் அடைத்துக்கொண்டு விரியாமலே போகும். விரியாத குண்டு ஆழமாகவாவது போகும், அதனால் இரண்டில் எனக்கு அதுவே தேவலை. முழுவதும் செம்பு உறை போட்ட சாதாரணக் குண்டே போதும் என்று சொல்கிற ஆசிரியர்களும் உண்டு. நான் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். அது 18 அங்குலத்தைத் தாண்டி மறுபக்கம் வெளியே வரலாம். உங்கள் கடை வாசலில் மறுபக்கம் என்றால் பெட்ரோல் போட்டுக்கொண்டு நிற்கிற ஒரு குடும்பம். நான் வைத்திருப்பது ஹார்னடி கம்பெனியின் 90 கிரெய்ன் எடையுள்ள குண்டு. துணி அடைக்காமல் இருக்க முனைக்குழியில் சிவப்பு ரப்பர் மாதிரி ஒரு பொருளை வைத்திருப்பார்கள். நீங்கள் எதை வாங்கினாலும் சரி, உங்கள் துப்பாக்கியில் அந்தத் தோட்டா குறைந்தது ஐம்பது சிக்காமல் ஓடிய பிறகுதான் பாக்கெட்டில் வைக்க வேண்டும். சின்ன பிஸ்டல்கள் தோட்டா விஷயத்தில் பிடிவாதக் குழந்தைகள், ஒன்று சாப்பிடுவதை இன்னொன்று துப்பும்.

மாமாவின் .32 பற்றி. ஊரில் லைசன்ஸ் துப்பாக்கி என்றாலே .32 ஆக இருப்பதற்குக் காரணம் சட்டம். 9 எம்எம் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட வகையில் வருகிறது, தனி ஆளுக்குச் சாதாரணமாகக் கிடைக்காது. கான்பூரில் செய்யும் ரிவால்வரில் போடும் .32 தோட்டாவும் இங்கே பாக்கெட் பிஸ்டலில் போடும் .32 ஏசிபியும் வேறு வேறு, பெயர் மட்டும்தான் ஒன்று. .32 ஏசிபியின் உதை இதமானது. கெல்டெக் பி32 என்ற பிஸ்டல் 200 கிராம்கூட இல்லை. வயதானவர்களுக்கு நான் அதைக் கொடுத்ததுண்டு. ஆனால் அதன் தோட்டாவின் அடியில் மெல்லிய விளிம்பு இருக்கிறது. நீளம் குறைந்த ஹாலோ பாயிண்ட் போட்டால் மேகசினுக்குள் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு பூட்டிவிடும். அதை விரலால் தட்டிச் சரிசெய்ய முடியாது. தவிர, எல்லாக் கடையிலும் தோட்டா கிடைப்பதில்லை.

.22-ஐத் தங்கை மகன் சொன்னதற்குக் காரணம் புரிகிறது. உதையே தெரியாது, மலிவு. பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் .22-இல் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் பூசப்பட்டிருக்கிறது. மற்றவற்றில் நடுவில் தனியாக ஒரு பிரைமர் இருக்கும். விளிம்பில் ஒரு இடத்தில் மருந்து பூச்சு குறைந்து, சுத்தியல் அங்கே விழுந்தால் வெடிக்காது. பயிற்சிக்களத்தில் பெட்டிக்கு ஒன்றிரண்டு அப்படிப் போவதை நான் வாடிக்கையாகப் பார்க்கிறேன். வேறு எதையும் கை தாங்காது என்றால் .22 தாராளமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் கை தாங்கும். .25 பற்றி யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்க வேண்டாம்.

மதினி விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குக் கஷ்டம் தரப்போவது உதை அல்ல, துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடு. அதைப் பின்னுக்கு இழுத்தால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். துப்பாக்கி சின்னதாக ஆக ஸ்பிரிங் முறுக்கும், பிடிக்க இடமும் குறையும். வாதம் பிடித்த விரலுக்கு அது நரகம். சின்னதாக இருந்தால் பெண்களுக்கு எளிது என்று கடைகளில் சொல்லிச் சொல்லியே நிறையப் பேரை அழவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸன் 2018-இல் ஷீல்டு ஈஸி என்று ஒரு .380 கொண்டுவந்தது. பாக்கெட்டுக்குப் பெரியது, ஆனால் ஸ்லைடை இரண்டு விரலால் இழுக்கலாம் போல இருக்கும், மேகசினில் தோட்டா ஏற்ற ஒரு சின்னக் குமிழும் உண்டு. அதற்கும் விரல் ஒத்துழைக்கவில்லை என்றால் பெரெட்டா டாம்கேட் இருக்கிறது. அது .32. ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினால் குழலின் பின்பக்கம் மேலே எழும்பும். தோட்டாவை நேராகக் குழலுக்குள் வைத்து மூடிவிடலாம், ஸ்லைடைத் தொடவே வேண்டாம். .38 ரிவால்வர் எளிது என்று சொல்வார்கள். அதன் ட்ரிகர் அவர் விரலுக்கு ரொம்பக் கனம், வேண்டாம்.

எதை எடுத்தாலும் அவர் அதை இடுப்பில் வைக்கட்டும், கைப்பையில் வேண்டாம். பறிக்க வருகிறவன் முதலில் பிடுங்குவது பையைத்தான். இன்னொன்று. மதினிக்கு இதில் விருப்பம் உண்டா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. உட்கார்ந்து கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட்டு, அவர் தனியாகக் கடை அடைக்காதபடி ஏற்பாடு செய்யுங்கள்.

இனி பாக்கெட். ட்ரிகரை முழுவதும் மூடுகிற பாக்கெட் ஹோல்ஸ்டர் இல்லாமல் ஒருநாளும் வைக்காதீர்கள். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது, ஒரு சில்லறைக் காசுகூட. இப்போது நீங்கள் கடை அடைக்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். பணப்பை இடக்கையில், கதவைப் பூட்டுவது வலக்கையில். பூட்டியபிறகு சாவிக்கொத்து எங்கே போகும்? பழக்கத்தில் வலது பாக்கெட்டுக்குத்தான். பத்தொன்பது வருடப் பழக்கம் ஒருநாளில் போகாது. இன்று ராத்திரியிலிருந்தே, துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே, சாவியை இடது பாக்கெட்டில் போட ஆரம்பியுங்கள். சாவி வலப்பக்கம் போகாமல் ஒரு மாதம் தாண்டியபிறகு வலது பாக்கெட்டைத் துப்பாக்கிக்குக் கொடுக்கலாம். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் தோட்டாவை இறக்கிப் பாருங்கள். பாக்கெட்டுப் பஞ்சு குழல்முனையிலும் ஸ்லைடு இடுக்கிலும் சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும். துடைத்துவிடுங்கள். காருக்குள் உட்கார்ந்துவிட்டால் பாக்கெட்டிலிருந்து எடுப்பது அநேகமாக முடியாத காரியம், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாற்பது அடிக்கு நான் துப்பாக்கியைவிட அதிகம் நம்புவது வேறு ஏற்பாடுகளை. பணத்தை ராத்திரியில் எடுத்துப் போகாதீர்கள். கடைக்குள்ளேயே தரையில் பதித்த டிராப் சேஃப் என்கிற பெட்டகத்தில் போட்டுவிட்டு, பகலில் வேறு வேறு நேரத்தில் வங்கிக்குக் கொண்டுபோங்கள். கார் வாசலை ஒட்டி, விளக்கடியில் நிற்கட்டும். அப்படியும் ஒருவன் மடக்கிப் பையைக் கேட்டால், பையை அவன் பக்கமாக இல்லாமல் ஒரு ஓரமாகத் தூக்கி எறிந்துவிட்டு எதிர்த்திசையில் நகருங்கள். பணத்துக்காகப் பாக்கெட்டில் கை வைக்காதீர்கள் அண்ணாச்சி. உயிருக்கு வேறு வழியே இல்லை என்கிற அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும்தான் அது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்ஸஸில் 2021 செப்டம்பர் 1-லிருந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயதானவர் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் எல்டிசி என்கிற, துப்பாக்கி எடுத்துச் செல்லும் லைசன்ஸ் எடுங்கள், அந்த வகுப்பில் எங்கே கொண்டுபோகக் கூடாது என்று தெளிவாகச் சொல்லித் தருவார்கள். உங்கள் தங்கை மகன் மாணவர் விசாவில் இருந்தால் மத்திய அரசுச் சட்டப்படி அவர் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருக்கக் கூடாது. முறையான வேட்டை லைசன்ஸ் போலச் சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி விளையாட வேண்டாம். வீட்டுப் பெட்டகத்தின் எண் அவருக்குத் தெரியக் கூடாது. ஒரு தப்பு நடந்தால் போவது அவர் படிப்பும் விசாவும். பேரன் வருகிற சனிக்கிழமை, பாக்கெட்டிலிருந்து வெளியே வந்த துப்பாக்கி நேரே பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும், அலமாரி மேல் தட்டுக்கு அல்ல. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கைக்கு எட்டும்படி விட்டால் இங்கே அதுவே குற்றம்.

அப்புறம், ஊருக்குப் போகும்போது. என்னிடம் படித்த ஒருவர் பயிற்சிக்குத் தூக்கிவந்த அதே தோள்பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது அங்கே விமான நிலைய ஸ்கேனரில் பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரே ஒரு தோட்டா தெரிந்தது. 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பாஸ்போர்ட் முடக்கம், வக்கீல், வாய்தா. தெரியாமல் நடந்தது என்று நிரூபித்து வெளியே வருவதற்குள் மனிதர் பாதியாகிவிட்டார். தோட்டாவுக்கென்று ஒரு பை வாங்கி, அதை வீட்டுக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். பெரும்பாலான பயிற்சிக்களங்களில் துப்பாக்கி வாடகைக்குத் தருவார்கள். ஒரு எல்சிபி மேக்ஸ், ஒரு பி365, மதினிக்கு ஒரு ஷீல்டு ஈஸி, மூன்றையும் எடுத்து ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுட்டுப் பாருங்கள். நடுவில் டம்மி ஒன்றைப் போட்டுத் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். குழல்முனை எதில் குனியாமல் நிற்கிறதோ அதை வாங்குங்கள். போகும்போது நல்ல பேண்ட் எதுவும் போட்டுக்கொள்ள வேண்டாம், கடையில் தினமும் போடுகிற பேண்ட்டோடே போங்கள். அந்தப் பாக்கெட்டின் ஆழம்தான் நமக்குத் தெரிய வேண்டும்.